லடாக்குக்கு வீட்டோடு போக: வண்டித் தேர்வும் தயாரிப்பும்

சென்னையிலிருந்து லே நகரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. அந்தச் சாலையில் எந்த வண்டியும் ஓடும். ஆகவே அதை மனதில் வைத்து வண்டி தேடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஸோஜி லா கணவாயில் சேறும் கல்லுமாகக் கிடக்கும் ஏற்றம், ஸ்பிட்டிப் பக்கம் திரும்பினால் கிராம்ஃபூவிலிருந்து பதல் வரை சந்திரா ஆற்றோரம் பாறைமேல் போகும் தடம், சர்ச்சுவைத் தாண்டியதும் காட்டா லூப்ஸ் என்கிற 21 கொண்டை ஊசி வளைவுகள், பனி உருகி ரோட்டின் குறுக்கே பாயும் ஓடைகள் என்று மொத்தப் பயணத்தில் ஒரு சிறு பங்குதான் வண்டியைச் சோதிக்கும். அந்தச் சிறு பங்குக்காகத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேரவன் என்றால் நம்மில் பலருக்கு சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் வண்டிதான் கண்ணில் வரும். ஏ.சி., பெரிய கண்ணாடி, சோபா, ஜெனரேட்டர். அது ஓரிடத்தில் நாள் முழுக்க நிற்பதற்காகக் கட்டிய வண்டி. தார்ச்சாலையில் மெதுவாக வந்து நின்றால் அதன் வேலை முடிந்தது. அதே பட்டறையில் அதே முறையில் கட்டிய வண்டியைக் கணவாய்க்குக் கொண்டுபோனால், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கிற வீடுதான் முதலில் உதிரும். அதன் பிறகு எடை தாங்காமல் பின்பக்க ஸ்பிரிங்கும் டயரும் போகும். கரட்டுப் பாதையில் வண்டியை வீழ்த்துகிறவை எடையும் குலுக்கலும். குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் எடையைக் குறைத்த பிறகு யோசிக்க வேண்டியவை. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

எந்த வண்டி

முதலில் எத்தனை பேர் தூங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கணவன் மனைவி இருவர், அல்லது ஒரு சிறு குழந்தையோடு மூவர் என்றால் ஃபோர்ஸ் டிராவலர்தான் என் முதல் பரிந்துரை. காரணம் எளிது. மணாலிக்கும் லேக்கும் நடுவே வாடகைக்கு ஓடுகிற டெம்போ டிராவலர்கள் ஏராளம். வழியில் இருக்கிற மெக்கானிக்குக்கு அந்த வண்டியைக் கழற்றி மாட்டிப் பழக்கம் இருக்கும். கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, ஷாக் அப்சார்பர் போன்றவை லேயில் கிடைக்கவோ, மணாலியிலிருந்து வரும் வண்டியில் ஏற்றிவிடவோ வாய்ப்பு அதிகம். இங்கே தமிழ்நாட்டிலும் ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன் என்று தெருவுக்குத் தெரு ஓடுகிற வண்டி என்பதால் பார்ட்ஸ் கிடைக்கவும் பட்டறை கிடைக்கவும் சிரமமில்லை. போகிற ஊரில் எந்த வண்டி தினமும் ஓடுகிறதோ அதுதான் உங்களுக்கும் வண்டி. எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த விதியைக் கைவிடாதீர்கள்.

டாடா விங்கரும் நல்ல வண்டிதான். ஆனால் அதில் முன்சக்கரம் இழுக்கும். கேம்பர் ஆக்கும்போது கட்டில், தண்ணீர், பாட்டரி எல்லாம் பின்பக்கம் போய்ச் சேர்வது வழக்கம். செங்குத்தான ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரத்தில் பிடிமானம் குறைந்து சரளைக்கல்லில் சும்மா சுற்றும். சமவெளிப் பயணத்துக்கு விங்கர் சரி, இந்தப் பாதைக்கு வேண்டாம். ஃபோர்ஸ் அர்பேனியா சொகுசானது, இடமும் தாராளம். ஆனால் விலை அதிகம், புதுசும்கூட. மலை ஊர்களில் அதன் உடம்பு தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் பெருகவில்லை.

கல்லிலும் ஓடையிலும் நிஜமாகவே இறங்கப் போகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. ஃபோர்ஸ் கூர்க்கா, இசுசு வி-கிராஸ் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளில் மேற்கூரைக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். இது வீடு ஆகாது, படுக்க ஓர் இடம் மட்டுமே. சமையல் வெளியில்தான், குளிர்காற்றில்தான். ஆனாலும் இளைஞர்கள் இருவர் ஸ்பிட்டியையும் ஸன்ஸ்காரையும் சுற்ற இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. ஆறு பேர் குடும்பத்துக்கு டாடா 407 போன்ற சிறு லாரிச் சேஸிஸ் வாங்கி மேலே வீடு கட்டலாம் என்று சிலர் யோசிப்பார்கள். லாரி ஸ்பிரிங் முழு லோடுக்காகச் செய்தது. பாதி லோடில் அது வளையாமல் ஒவ்வொரு குழியையும் உள்ளே இருப்பவர் முதுகெலும்புக்கு அனுப்பும். ஆறு பேர் என்றால் இரண்டு சிறு வண்டிகளாகப் போவது நல்லது. ஒன்று சிக்கினால் இன்னொன்று இழுக்கும்.

வண்டியின் நீளத்தைவிட, பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். சட்டம் இதைச் சக்கர இடைவெளியில் 60 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கரட்டுப் பாதைக்கு அவ்வளவு வேண்டாம். ஓடையில் இறங்கி ஏறும்போது முன்சக்கரம் கரையேறும் கணத்தில் வால்பகுதி தரையில் உரசும். அங்கேதான் கழிவுநீர்க் குழாயும் படிக்கட்டும் ஸ்டெப்னித் தொட்டிலும் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்றையும் மேலே ஏற்றவோ நடுப்பகுதிக்கு நகர்த்தவோ பில்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரை நம்பாமல் அடியில் படுத்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியின் சேஸிஸ் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் கொக்கி, கதவுக்கு அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களில் துரு தின்றிருக்கும். புதிதாக அண்டர்கோட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தால் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துருப்பிடித்தது மொத்தையாகச் சத்தம் தரும்.

சட்டத்தை முதலில் முடியுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிற பட்டறைகளில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கைத்திறன் வேறு, அங்கீகாரம் வேறு. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. உட்காரும் இடமும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை இருந்தால்தான் அது கேரவன். அந்த விதிப்படி ஒப்புதல் பெற்ற பில்டரிடம் கட்டுங்கள். ஒப்புதல் சான்றைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். புனே, மானேசர், நம் ஒரகடம் ஆகிய ஊர்களில் உள்ள சோதனை மையங்கள்தான் இந்த ஒப்புதலைத் தருகின்றன. கட்டி முடித்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஆர்.சி.யில் வாகன வகை 'கேம்பர் வேன்' என்று ஏற வேண்டும். அதை அப்படியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆர்.சி.யில் ஸ்கூல் வேன், உள்ளே கட்டில் என்ற நிலையில் விபத்து நடந்தால் இழப்பீட்டை மறந்துவிட வேண்டியதுதான். மஞ்சள் போர்டு வண்டியை வாங்கினால் வெள்ளை போர்டுக்கு மாற்றுவதையும் இதோடு சேர்த்து முடியுங்கள். மாற்றாமல் போனால் ஒவ்வொரு மாநில எல்லையிலும் வரியும் விளக்கமும் கேட்பார்கள்.

எடைக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எட்டடிக்கு நாலடி 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று முப்பது கிலோவைத் தாண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 150 ஆம்பியர் ஹவர் பாட்டரி ஒன்று ஐம்பது கிலோவை நெருங்கும். பட்டறையில் நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது எதுவும் பெரிதாகத் தெரியாது. பத்து ஷீட் பிளைவுட், இரண்டு பாட்டரி, 150 லிட்டர் தண்ணீர் என்று சேர்ந்தால் வீட்டுக்காரர் ஏறும் முன்பே ஐந்நூறு கிலோவைத் தாண்டிவிடும்.

வண்டி கட்டும்போதே மூன்று முறை எடை போடுங்கள். சீட்டெல்லாம் கழற்றி, வெறும் கூடாக இருக்கும்போது முதல் முறை. மரவேலை முடிந்ததும் இரண்டாம் முறை. தண்ணீர், டீசல், காஸ், துணிமணி, அரிசி பருப்பு, போகப்போகிற ஆட்கள் எல்லாரும் ஏறி மூன்றாம் முறை. லாரி நிற்கும் எந்த ஊரிலும் எடை மேடை இருக்கும், செலவும் அதிகமில்லை. அங்கே மொத்த எடைச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள். மொத்த எடை அனுமதிக்குள் இருக்கும்போதே பின் ஆக்ஸில் மட்டும் அளவு மீறியிருப்பது கேம்பர்களில் சகஜம். கம்பெனி ஒட்டிய தகட்டில் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதோடு ஒப்பிடுங்கள். என் அளவுகோல், மொத்த எடை அனுமதித்ததில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குழியில் சக்கரம் விழும் கணத்தில் ஸ்பிரிங்கின் மேல் வரும் அடி, நின்றபடி எடுத்த எடையைவிடப் பலமடங்கு. அந்த மீதி 15 சதவீதம் அதற்காக.

எடையைக் குறைக்கத் தெரிந்த வழிகள் சில. கட்டில் சட்டத்துக்கு அலுமினியம் செக்‌ஷன், மேலே 9 அல்லது 12 மி.மீ. பிளை. லெட்-ஆசிட் பாட்டரிக்குப் பதில் லித்தியம். 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பாட்டரி பன்னிரண்டு கிலோ அளவில் முடிந்துவிடும். மேற்கூரை கேரியரில் சோலார் பேனலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கும். தண்ணீர்த் தொட்டியும் பாட்டரியும் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில், தரையை ஒட்டி இருக்கட்டும். ஒன்று இடப்பக்கம் என்றால் மற்றது வலப்பக்கம்.

குலுக்கலுக்குத் தாங்கும் வீடு

ட்ஸோ மோரிரி ஏரிக்குப் போகும் மண் தடத்தில் வரி வரியாகச் சின்ன மேடுகள் வரும். கார் டயர்களும் லாரி டயர்களும் தட்டித் தட்டி உண்டாக்கிய வரிகள். பெரிய பள்ளத்தைக் கண்டால் டிரைவர் வேகம் குறைத்துவிடுவார். இந்தச் சின்ன வரிகள்தான் மணிக்கணக்கில் விடாமல் அதிர்ந்து வண்டியை அவிழ்க்கும்.

அலமாரிக் கதவுக் கீலைப் பாருங்கள். துகள் பலகையில் திருகிய ஸ்க்ரூ, அதிர்வில் தன் ஓட்டையைத் தானே அரைக்கத் தொடங்கும். முதல் அறிகுறி, கீலுக்குக் கீழே தரையில் விழுந்திருக்கும் மாவு போன்ற தூள். அதற்கு அடுத்த நாள் ஸ்க்ரூ விரலால் இழுத்தால் வரும். அதற்கும் அடுத்த நாள் கதவு கையோடு வரும். ஆகவே துகள் பலகையும் எம்.டி.எஃப்.பும் வண்டிக்குள் வரவே கூடாது. பிளைவுட்டிலும் எடை தாங்கும் இடங்களில் ஸ்க்ரூ போதாது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிற போல்ட், இரு பக்கமும் அகல வாஷர், நைலான் பிடியுள்ள லாக் நட் போடுங்கள். கீல் துண்டு துண்டாக வேண்டாம், கதவின் முழு நீளத்துக்கும் போகிற நீளக் கீல் வாங்குங்கள். காந்தப் பூட்டு குலுக்கலில் நிற்காது, அழுத்தித் திறக்கும் பூட்டோ கொண்டியோ வேண்டும்.

நட்டை இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட் அசைந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பேனர் எடுக்காமலே காலையில் டார்ச் அடித்து ஒரு சுற்று பார்த்தால் வண்டி முழுவதையும் பரிசோதித்துவிடலாம். சக்கர நட்டுக்கும் ஸ்பிரிங் யூ-போல்ட்டுக்கும் இதையே செய்யுங்கள்.

வயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். தகட்டில் ஓட்டை போட்டு வயர் நுழைகிற ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்து ஷார்ட் ஆகி வண்டியே எரியும். வயருக்கு உறை போட்டு, அடிக்கு ஒரு கிளிப் கொடுங்கள். ஈயம் வைத்து ஒட்டிய இணைப்பு அதிர்வில் விறைத்து ஒடியும், நசுக்கிப் பிடிக்கும் லக்தான் சரி. பாட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் வயருக்கு, பாட்டரியை விட்டு ஒரு சாண் போவதற்குள் ஃபியூஸ் வரவேண்டும். தண்ணீருக்கும் இதே பாடம். வீட்டில் போடுகிற, பசை போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் பைப் மூட்டுகள் விரிசல் விடும். வளைகிற ஹோஸும் கிளாம்ப்பும் போடுங்கள்.

பாத்திரம் எவர்சில்வர்தான். தட்டுக்கு நடுவே துணி வைத்து அடுக்கினால் சத்தமும் இல்லை, கீறலும் இல்லை. கண்ணாடி மேல்தட்டு அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

டயரும் அடிப்பாகமும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஐந்து வருடப் பழைய டயரோடு கிளம்பாதீர்கள். கூர்மையான கல்லில் வெடிப்பது பக்கவாட்டுச் சுவர்தான், வயதான ரப்பர் அங்கேதான் முதலில் ஓயும். ஸ்டெப்னி இரண்டு. அவற்றோடு டியூப்லெஸ் பஞ்சர் கிட், 12 வோல்ட் கம்ப்ரசர், பாட்டில் ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுர மரப்பலகை. பலகை இல்லாமல் மண்ணில் ஜாக்கி வைத்தால் வண்டி உயராது, ஜாக்கிதான் புதையும்.

காற்றழுத்தம் பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் உப்பிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் குளிர் அதைக் குறைக்கும். சென்னை வெயிலில் 35 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர், 5,000 மீட்டர் உயரத்தில் பூஜ்யம் டிகிரி காலையிலும் ஏறக்குறைய 50-தான் காட்டும். அதே இடத்தில் மதியம் வெயிலேறி 20 டிகிரி ஆனால் 54-ஐத் தொடும். ஆகவே பயப்பட வேண்டாம். தினமும் காலையில், வண்டி நகரும் முன் கேஜ் வைத்துப் பார்த்துச் சரி செய்தால் போதும். கல்லும் வரியுமான தடத்தில் ஐந்தில் ஒரு பங்கு காற்றை இறக்கி, வேகத்தை 30-க்குள் வைத்து ஓட்டுங்கள். டயர் கல்லைத் தழுவிப் போகும், குலுக்கல் பாதியாகும். தார் ரோடு வந்ததும் கம்ப்ரசரை எடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும். சோம்பலில் இதை விட்டுவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஷாக் அப்சார்பர் நான்கும் புதிதாக இருக்கட்டும். ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போடச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். முதலில் எடையைக் குறையுங்கள், அதன் பிறகும் வால் தாழ்ந்தால் பார்க்கலாம். முழு லோடோடு முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டையும் சக்கர நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து பெடல் அப்படியே உள்ளே போகும், கிளம்பும் முன் மாற்றுங்கள். டிஃபரென்ஷியலின் காற்றுக் குழாயை ஒரு ஹோஸ் போட்டு மேலே ஏற்றிவிட்டால் ஓடையில் இறங்கும்போது தண்ணீர் உள்ளே போகாது. ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயிலேறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் அதே ஓடை முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்துவிடும்.

உயரம் கேட்கும் தயாரிப்பு

மணாலி-லே பாதையின் உச்சி தங்லங் லா, 5,328 மீட்டர். அங்கே கடல்மட்டத்தில் கிடைக்கும் காற்றில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் எஞ்சினுக்கும் கிடைக்கும், உங்களுக்கும் கிடைக்கும். டர்போ இருப்பதால் எஞ்சின் சமாளிக்கும், ஆனால் மெதுவாகத்தான் ஏறும். தாழ்ந்த கியரில் பொறுமையாக விடுங்கள். பி.எஸ். 6 வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. நாள் கணக்கில் பத்து இருபது வேகத்திலேயே ஊர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்து வரும் நல்ல ரோட்டில் கையேட்டில் சொன்ன வேகத்தில் ஓட்டி அதைச் சுத்தமாக விடுங்கள். டி.இ.எஃப். (புகையைச் சுத்திகரிக்கும் திரவம்) ஊற்றும் வண்டியானால் சமவெளியிலேயே ஒரு கேன் வாங்கி வையுங்கள்.

டீசல் கணக்கு முக்கியம். சந்திராவும் பாகாவும் கூடுகிற தாண்டியில் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். லோடு கேம்பர் ஏற்றத்தில் லிட்டருக்கு ஏழு கொடுத்தால் 52 லிட்டர் வேண்டும். நின்றபடி எஞ்சின் ஓடும் நேரம், வழிமறிப்பு, திரும்ப நேர்ந்தால் திரும்பும் தூரம் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் கால் பங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு இண்டக்‌ஷனை நம்ப வேண்டாம். அரை மணி நேரம் 1,800 வாட்டில் எரிந்தால் 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பாட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது, ஒற்றை பர்னர் போதும். காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் தனிப்பெட்டியில் இருக்க வேண்டும், பெட்டியின் அடித்தட்டில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும், சிலிண்டரை மேலும் கீழும் இரண்டு பெல்ட்டால் கட்ட வேண்டும். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கர் கட்டாயம், மாற்று கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும்கூட.

லித்தியம் பாட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். அதை வண்டிக்கு வெளியே பெட்டியில் வைக்காதீர்கள், கட்டிலுக்கு அடியில் உள்ளே வையுங்கள். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இரவில் சூட்டுக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். கரி அடுப்பையும் உள்ளே கொண்டுவராதீர்கள். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். அதைக் கண்டு அலறும் கருவி சில ஆயிரம் ரூபாய்தான், படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். டீசல் ஹீட்டர் நல்லது. ஆனால் சாதாரண ஹீட்டர் மெல்லிய காற்றில் சரியாக எரியாமல் கரி பிடித்து நின்றுவிடும். உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். அதுவும் இல்லாமல் சமாளிக்க முடியும்: சுவரிலும் கூரையிலும் நல்ல தடுப்புப் பஞ்சு, ஜன்னலுக்குத் தடித்த திரை, ஆளுக்கொரு நல்ல ஸ்லீப்பிங் பேக்.

தண்ணீர் எண்பது லிட்டர் போதும், ஊர் வரும்போதெல்லாம் நிரப்பலாம். உறைபனி இரவில் பம்ப்பையும் குழாயையும் வடித்துவிடுங்கள். கழிவறைக்குக் கையால் தூக்கும் 20 லிட்டர் போர்ட்டபிள் டாய்லெட் சரியானது. லடாக் தண்ணீர் குறைந்த நாடு, அங்குள்ள வீடுகளில் தண்ணீரே இல்லாத உலர் கழிவறைதான் தலைமுறை தலைமுறையாக. நம் கழிவுநீரை ஏரிக்கரையிலும் ஓடையிலும் திறந்துவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். ஊருக்குக் கொண்டுவந்து கேட்டு ஊற்றுங்கள். போன் சிம் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள், வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே வேலை செய்யாது.

ஒத்திகையும் ஏறும் வரிசையும்

கட்டி முடித்த வண்டியோடு நேரே வடக்கே கிளம்பாதீர்கள். முழு லோடோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குங்கள். கிளட்ச், பிரேக், ரேடியேட்டர், சாய்மானம் எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிறகு ஜவ்வாது மலைப் பக்கம் மண் ரோடு தேடி ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். மழையில் ஓர் இரவு படுங்கள், எந்த ஜன்னல் ஒழுகுகிறது என்பது அப்போதுதான் தெரியும். அதன் பிறகு பட்டறைக்குத் திரும்ப வந்து எல்லாவற்றையும் சரி செய்ய இரண்டு வாரம் கையில் இருக்கட்டும்.

ஏறும்போது ஸ்ரீநகர் வழி, இறங்கும்போது மணாலி வழி. ஸ்ரீநகர் 1,600 மீட்டரை ஒட்டி, சோனமார்க்கும் கார்கிலும் 2,700 அளவில், லே 3,500. உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலியிலிருந்து ஏறினால் இரண்டாயிரத்தில் கிளம்பி அன்று இரவே 4,290 மீட்டரில் சர்ச்சுவில் படுக்க நேரும், தலைவலியும் வாந்தியும் அங்கேதான் ஆளைப் பிடிக்கும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். வீடு கூடவே இருப்பதால் எங்கே இருட்டுகிறதோ அங்கே படுத்துக்கொள்ளலாம் என்ற சபலம் கேம்பர்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். கணவாய்க்கு மேலே படுக்காதீர்கள்.

இரவில் யாருக்காவது உயரம் ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே கீழே இறங்க வண்டியையும் தயாராக வைக்க வேண்டும். கட்டிலை விரித்தாலும் டிரைவர் சீட்டுக்குப் போகும் வழி அடைபடாதபடி கட்டச் சொல்லுங்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர் வேண்டும். இரவு நிறுத்தும்போது வண்டியின் முகம் இறங்கும் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், சாவி எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். யாருக்காவது நடை தள்ளாடினால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கீழே இறக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சக்கரம் உருள வேண்டும். அதையும் கொல்லிமலை ஒத்திகையின் இரவில் ஒருமுறை செய்து பாருங்கள்.